கைக்குக் கை

இன்று கொம்புப் பிடி.
நாகூர் கந்தூரியில், அல்வாக் கடைக்கும் பாசிமணிக் கடைக்கும் நடுவில்
நூற்று நாற்பது சொல்லித் தொண்ணூறுக்குப் படிந்தது.
நேற்று சிவப்புப் பிடி. கூத்தாநல்லூர் ஜுலைகா
சபுர் முடிந்து வந்த அண்ணன் பெட்டியிலிருந்து
எனக்கென்று எடுத்து வைத்தது.
பல்குத்தி தொலைந்துவிட்டது, சாமணம் இருக்கிறது.

மொத்தம் பதினொன்று.
அதில் பித்தளை மீன் ஒன்று, செதில் தேய்ந்து,
வில் தளர்ந்து, தானாக வாய் திறக்கும்.
பையில் போட்டால் பையையே அறுக்கும்.
அதற்கு மட்டும் ஒரு குழந்தைக் காலுறை.
பன்னிரண்டாவது கும்பகோணத்தில் ஒரு காயலான் கடையில் கிடக்கிறது.
கடைக்காரர் விலை சொல்ல மாட்டேன் என்கிறார்.
அவர் வெற்றிலைக் காம்பு நறுக்குவது அதில்தான்.

வளையல் வாங்குகிற காசு என்பாள் தங்கை தையல்நாயகி.
வளையல் எதையும் அறுக்காதே.

புடவை கட்டி, அடையாள அட்டை மாட்டி,
கடைசியில் கத்தி.
இடுப்புச் செருகலில் முதலில் சில்லென்று இருக்கும்.
கோரையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள்
என் சூட்டுக்கு வந்துவிடும்.

கொள்முதல் நிலையத்தில் நான் பட்டியல் எழுத்தர்.
நாளுக்கு எண்ணூறு மூட்டை.
சணல் முடிச்சு, நைலான் முடிச்சு,
கோபத்தில் போட்ட முடிச்சு.
அது போக, பென்சில் சீவ, கொய்யா பிளக்க,
லோடுமேன் பக்கிரிசாமி குதிகாலில் ஏறிய கருவமுள்ளைக் கெல்ல.

தேர்தல் நேரத்தில் பறக்கும் படை பையைக் கவிழ்த்தது.
"பொம்பளைக்கு எதுக்கும்மா கத்தி?"
ஆம்பளைக்கு எதுக்கு சார் என்று கேட்டிருக்கலாம்.
மாங்காய்க்கு என்றேன்.
மாங்காய் வர இன்னும் ஒரு மாதம் இருந்தது.
எழுதிக்கொண்டு விட்டார்.

ராத்திரி காப்பிக் கோப்பையைக் கவிழ்த்து
அடியில் மெருகேறாத வளையத்தில் தீட்டுவேன்.
இந்தப் பக்கம் இருபது, அந்தப் பக்கம் இருபது.
ஐப்பசி பிறந்தால் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் கூடுதல்.
மடக்கும் சத்தம் ஒவ்வொன்றுக்கும் வேறு.
கரண்ட் போன வீட்டில் கேட்டே சொல்வேன், இது எதுவென்று.

யார் கேட்டாலும் மேசைமேல் வைப்பேன்.
அவர்களே எடுத்துக்கொள்ள வேண்டும்.
கைக்குக் கை கத்தி கொடுத்தால் பகை வருமாம்.
நம்பிக்கையில்லை.
ஆனாலும் வைப்பேன்.

இன்று உத்திராபதி வந்தார். ஒன்பதாவது நாள்.
தார்ப்பாய்க்கு அடியில் அவருடைய அறுபத்திரண்டு மூட்டை,
தார்ப்பாய்க்கு மேலே விடாத மழை.
ஈரப்பதம் இருபத்து மூன்று புள்ளி நாலு.
நான் சொல்லவில்லை, கருவி சொல்கிறது என்றேன்.
பேசாமல் நின்றார். பிறகு
"கத்தி இருக்காம்மா?"

தராசுப் பக்கம் சத்தம் நின்றது.
பக்கிரிசாமி கொக்கியை இறக்கிவிட்டு
இரண்டடி கிட்டே வந்தான்.
மேசை முழுக்க ரசீது. வைக்க இடம் தேடினால்
பயந்துவிட்டேன் என்று ஆகும்.
எடுத்து, விரித்து,
பிடியை அவர் பக்கம் திருப்பி
கையிலேயே கொடுத்தேன்.

குனிந்தார். ஒரு மூட்டையின் கழுத்துத் தையலைக்
கண்ணி கண்ணியாக அறுத்தார்,
சாக்கு இன்னொரு போகத்துக்கு வேண்டும் என்கிறவர் அறுப்பதுபோல.
முழங்கைவரை உள்ளே விட்டு
ஒரு பிடி அள்ளி
என் ரசீதுப் புத்தகத்தின்மேல் வைத்தார்.
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது.
வெள்ளை வெள்ளையாய் முளை,
வெட்டிப் போட்ட நகமளவு.
"இதையும் எழுதிக்குங்க."

அதற்குக் கட்டம் இல்லை, புத்தகத்தில்.

கத்தியை வேட்டியில் இரண்டு தரம் துடைத்தார்.
மடக்கத் தெரியவில்லை. முதுகைத் தடவி, வில்லைக் கண்டுபிடித்து,
குழந்தை விரல் நசுங்காமல் கதவு சாத்துகிறவரைப் போல
மெல்ல அமுக்கினார்.
க்ளக்.

கை நீட்டினேன்.
என் கையைப் பார்த்தார்.
பிறகு ரசீதுகளை ஓரமாய் ஒதுக்கி
மேசையில் ஒரு கத்தியளவு இடம் செய்து
வைத்தார்.