முதுகில் எழுதிய பெயர்

உடுப்புக்குள் இறங்கினால் எல்லோரும் ஒரே ஆள்.
அதனால் டில்ஹானி
மார்க்கர் பேனையால் என் முதுகில் பெயர் எழுதுவாள்.
தமிழ் எழுதப் பழகி மூன்று மாதம் அவளுக்கு.
தமயந்தியைத்
தயமந்தி ஆக்கிவிட்டாள்.
திருத்த நேரமில்லை, வாசலில் மூதூர் அம்புலன்ஸ்.

பதினோராம் கட்டில் லாபீர் நானாதான் முதலில் வாசித்தார்.
கிண்ணியா. சங்கு குளிக்கிறவர்.
குப்புறப் படுக்கவைத்திருந்தோம்.
"மூச்சை அடக்கத் தெரியும் தயமந்தி மிஸ்ஸி,
இழுக்கத்தான் மறந்து பெய்த்து."
சிரித்தேன். கண்ணாடிக்குள் புகார் மூடிற்று.
அதற்குள் சிரித்தாலும் புகார், அழுதாலும் புகார்.

இரவில் வேறு குரலில் கேட்பார்:
"நான் மௌத்தானா எரிச்சிருவாங்களா?"
எனக்குத் தெரியாது.
இடப்பக்கம் கொஞ்சம் திரும்புங்கோ, என்பேன்.

ஒன்பதாம் கட்டிலில் சாம்பல்தீவுப் புவிமலர் அக்கா.
கடல் ஊருக்குள் வந்த அன்று
தென்னையைக் கட்டிப்பிடித்துத் தப்பினவ.
ஒட்சிசன் இரைகிற சத்தம்
அவவுக்கு அந்தக் கடல்.
"வருது, வருது, ஓடுங்கோ" என்று
முகமூடியைப் பிய்த்தெறிந்து எழும்புவா.
ஒருதரம், இரண்டுதரம். ஆறாந்தரம்
பண்டேஜ் துணியால் கைகளைக் கட்டிலோடு கட்டினோம்.
கட்டினோம் என்று எழுதுவது பொய்.
கட்டினேன்.
விடிய நாலரைக்கு அவ போனபிறகு
எனக்கு அவிழ்க்க வரவில்லை.
டில்ஹானி கத்தரிக்கோல் தந்தாள்.

உப்புவெளியில், வெள்ளைக்காரர் வராத ஹோட்டலொன்றில்
எங்களைத் தங்கவைத்தார்கள்.
யன்னல் நிறையக் கடல். இலவசமாக.
திரைச்சீலையை இழுத்து மூடி,
குளிரூட்டியை நிறுத்தி,
காதுக்குப் பஞ்சு வைத்துப் படுத்தேன்.
அப்படியும் இரைந்தது.

ஊரடங்கில் மான்கள் நீச்சல் தடாகம் வரைக்கும் வந்தன.
ஒன்றின் கொம்பில் நீல முகக்கவசம் தொங்கியது.
படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டேன்.
எல்லோரும் சிரிக்கிற முகம் அனுப்பினார்கள்.
அம்மாவும்.

கொழும்பிலிருந்து ஓர் உளவளத்துணையாளர் தொலைபேசியில் வந்தார்.
"ஒன்றிலிருந்து பத்துக்குள்
உங்கள் மனநிலைக்கு எத்தனை கொடுப்பீர்கள்?"
எண்பத்தெட்டு என்றேன்.
பகிடி என்று நினைத்தார்.
எங்கள் வார்டில் எண்பத்தெட்டு என்றால்
டொக்டரை ஓடிப்போய்க் கூப்பிட வேண்டும்.

பிறகு
தலை பின்னுவதை விட்டேன்.
கயிறு வைத்த சப்பாத்தை விட்டேன்.
சோற்றுப் பார்சலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
டில்ஹானி கவனித்தாள், கேட்கவில்லை.
கழுவிக் கழுவித் தோலுரிந்த அவள் விரல்களைப் பற்றி
நானும் கேட்கவில்லை.

எல்லாம் முடிந்துவிட்டது என்று வானொலி சொல்லி
ஒரு வருடம் இருக்கும்.
மீன் சந்தையில் பாரைக்கு விலை கேட்டேன்.
தராசுக்குப் பின்னால் லாபீர் நானா.
இப்போது குளிப்பதில்லை, நெஞ்சு விடாது என்று
யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.
என் முகத்தைப் பார்த்தார். மிச்சக் காசு தந்தார்.
அந்த முகத்தை அவர் எங்கே கண்டார்?
திரும்பி நாலடி நடந்திருப்பேன்.

"தயமந்தி மிஸ்ஸி!"

என் சட்டையின் முதுகில் ஒன்றுமே இல்லை.

நான் பெயரைத் திருத்தவில்லை.
பையை மறுபடி வாங்கி, இரண்டு கணவாய் கூடப் போட்டு,
வள்ளத்துக்குப் போடுகிற முடிச்சொன்றை
இறுக்கிப் போட்டுத் தந்தார்.

வீட்டில் கத்தியை எடுத்தேன். வைத்தேன்.
நகத்தால் தொடங்கினேன்.
அவிழ்ந்தபோது லைட் போடுகிற நேரம்.
மீன் லேசாக நாறத் தொடங்கியிருந்தது.