எழுதியாயிற்று என்று சொல்வது

பதினொரு திருத்தங்களில் ஏழாவது.
சிவப்பில் ஆறு வரி, பச்சையில் ஒன்று.
"யாரும் வந்துபோகாத கதவு, அடைத்துவிட்டேன்"
என்று குறிப்பு வைத்திருக்கிறான்
கோச்சபாம்பாவிலிருந்து எபெர் சோக்கே.
சுத்தமான கை. ஓர் இடைவெளிகூடப் பிசகவில்லை.

தார்த்துவில் நாலு மணிக்கே இருட்டிவிட்டது.
ஜன்னலுக்குக் கீழே பனி வழிக்கும் வண்டி
தெருவை மறுபடி தெருவாக்கிவிட்டுப் போகிறது.

இந்த எமுலேட்டரில் எல்லாமே பொய்தான்.
செயலி பொய். நினைவகம் பொய்.
நாற்பது ஜிபி வட்டு என்று
உள்ளே ஓடும் லினக்ஸ் நம்பிக்கொண்டிருப்பது
என் கோப்புறையில் கிடக்கும் ஒற்றைக் கோப்பு,
பெயர்கூட 'சோதனை-இரண்டு'.
பொய் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்;
சிலருக்கு அதுவும் இல்லை.

ஆனால் விருந்தாளி ஒன்று கேட்கும்:
எழுதியாயிற்றா?
அதற்கு மட்டும் பொய் ஆகாது.

எபெர் பிடுங்கிய ஆறு வரி அந்த இடம்.
ஃபிளஷ் தோற்றால்
தோற்றது என்று மேலே சொல்லியனுப்பும் இடம்.
எந்தச் சோதனையும் இதைத் தொட்டதில்லை என்கிறான்.
அது உண்மை.

மறுப்பு எழுத உட்கார்ந்தேன், காரமாகவே.
எதற்கும் இருக்கட்டும் என்று
வரிகளின் பூர்வீகம் தேடினால்
ஒன்பது வருடத்துக்கு முன், இரவு இரண்டே கால்,
பிரெத் ஹாவிக். நான்தான்.
குறிப்பு: "சின்னத் திருத்தம்."
ஏன் என்று ஒரு சொல் இல்லை.

அந்த மார்ச்சில்
கோப்பு வளர இடமில்லாமல் நின்ற பிறகும்
ஆயிற்று, ஆயிற்று என்று
தலையாட்டிக்கொண்டிருந்தது என் நிரல்.
ஒரு பல் மருத்துவமனையின் எட்டு நாள் பதிவுகள்.
திங்கட்கிழமை இயந்திரத்தை எழுப்பினால்
பூஜ்ஜியம், பூஜ்ஜியம்,
ஐந்நூற்றுப் பன்னிரண்டு ஐந்நூற்றுப் பன்னிரண்டாக.
வெட்கத்தில் ஆறு வரி எழுதினேன்.
வெட்கத்தை எழுதவில்லை.

காரமான பத்தியை அழித்தேன்.
'எபெர், வட்டு நிரம்பினால் என்ன ஆகும் என்று
சோதனை ஒன்று இணைத்திருக்கிறேன்,
உன் திருத்தத்தின்மேல் ஓட்டிப் பார்.
காரணம் எழுதாமல் விட்டது என் தவறு.'

காலையில் பதில் இருந்தது.
'தோற்றது. ஆறு வரியும் திரும்பிவிட்டன,
தலையில் ஒரு விளக்கத்தோடு.
பிறகு,
டிஸ்கார்ட் பாதையிலும் இதே பிழையை
யாரோ விழுங்கியிருக்கிறார்கள்.
பூர்வீகம் பார்த்தேன்.
பெயர் சொல்ல வேண்டுமா?'

கருப்பு ரொட்டியைக் கடித்தபடி
அந்தக் கோப்பைத் திறந்தேன்.
முந்நூற்றுப் பதினெட்டாவது வரி.
வேண்டாம், எபெர்.