ஷிஃப்டிங்

குட்டியானையில் முதலில் ஏறியது பீரோ இல்லை,
ரௌட்டர்.
பழைய துண்டில் சுற்றி என் மடியில்.
செலின் மடியில் பால் குண்டான்.
டிரைவர் இரண்டையும் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.

ஒயருக்கு மட்டும் நான்கு அட்டைப்பெட்டி.
நுனிக்கு நுனி பிளாஸ்திரி ஒட்டி
பேனாவில் எழுதியிருந்தேன்:
டிவிக்குப் பின்னால்.
ஃபிரிட்ஜ் மேல்.
எதற்கென்று தெரியாது, எறியாதே.
அரிசி டப்பா எந்தப் பெட்டியில் என்று
யாரும் எழுதவில்லை.
முதல் ராத்திரி பதினேழு சார்ஜர் அகப்பட்டது,
அரிசி அகப்படவில்லை.
முனைக்கடைப் பரோட்டாவை
மானிட்டர் பெட்டி மேல் பிரித்துவைத்துச் சாப்பிட்டோம்.

கொருக்குப்பேட்டைக்கும் எர்ணாவூருக்கும்
பத்து கிலோமீட்டர் இருந்தால் அதிகம்.
நான் வந்துவிட்டேன். பீரோ வந்துவிட்டது.
கேஸ் புத்தகம்கூடப் பேர் மாறி வந்துவிட்டது.
இணைப்பு மட்டும் வரவில்லை.

தமிழுக்கு ஒன்றை அழுத்தினேன்.
இடமாற்றத்துக்கு நான்கை.
ஏற்கெனவே நான்கை அழுத்தியவர்கள் ஆறை.
பிறகு புல்லாங்குழல்.
பதினோரு விநாடி ஊதி, ஒட்டுப்போட்டு,
மறுபடியும் அதே பதினோரு விநாடி.
ஒட்டு எங்கே விழுகிறதென்று
மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டேன்.

"சார், நீங்க சொல்ற தெரு சிஸ்டத்துல இல்ல."
"அந்தத் தெருவுலதான் நிக்கிறேன் மேடம்."
"நிக்கலாம் சார். சிஸ்டத்துல இல்ல."

தெருவில் நிற்பதாகச் சொன்னது பொய்.
நின்றது மொட்டைமாடியில்.
தண்ணீர் டேங்குக்கும் துணிக்கொடிக்கும் நடுவே
ஒரு முழ இடத்தில்தான் சிக்னல் நிற்கிறது.
செங்கல் துண்டால் வட்டம் போட்டுவைத்திருக்கிறேன்.
வட்டத்துக்குள் நின்றால்
ஒரு பக்கம் அனல்மின் நிலையப் புகைபோக்கி,
ஒரு பக்கம் நகராத கன்டெய்னர் லாரிகள்,
நேராக முகத்தில் அறைவது
கீழ்வீட்டு ஈர நைட்டி.
புகார் எண்ணைப் பன்னிரண்டு இலக்கமும்
அதற்குள்ளிருந்துதான் சொன்னேன்.

குளியலறை விளக்கு என் குரல் கேட்டு எரியும்.
எரிந்துகொண்டிருந்தது, அங்கே.
இங்கே இருட்டில் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன்.
"சுவிட்சுன்னு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்க"
என்றாள் செலின், தூக்கத்தில்.

இணைப்பு இல்லாவிட்டாலும் ரௌட்டரை
எரியவிட்டிருக்கிறேன். பழக்கம்.
போனைத் திறந்தால் வரிசையாக வருகிறார்கள்
இன்னும் முகம் பார்க்காத தெருக்காரர்கள்:
யாகூப் ஐஸ் மீன்.
கடன் கேக்காதே 5ஜி.
மூணாவது மாடி ஜல்சா.
எல்லாரும் பூட்டோடு.
நடுவில் நான், "கொருக்குப்பேட்டை கேட்",
முழுச் சிக்னல், உள்ளே ஒன்றுமில்லை.

ஒரு பையன் கதவைத் தட்டினான்.
"கொருக்குப்பேட்டை கேட் நீங்கதானா அங்கிள்?
பாஸ்வேர்ட் சொல்லுங்க."
சொன்னேன்.
"நெட் வரலையே."
"எனக்கும்தான்."
அவன் என்னை நம்பாமல் படியிறங்கினான்.

பதினோராம் நாள், லைன்மேன் எத்திராஜுலு.
ஓடிப்போய் வட்டத்தில் நின்றேன்.
"கனெக்‌ஷன் குடுக்க வந்தேன் சார். வூடு பூட்டிக்கீதே."
"எங்க நிக்கிறீங்க?"
"உங்க வாசல்லதான். கேட் தாண்டி ரெண்டாவது சந்து,
பச்சைக் கதவு."

பத்து நாள் சேர்த்துவைத்த கெட்ட வார்த்தை
தொண்டை வரை வந்தது.
அவர் பின்னால் நீளமாய் ஓர் ஊதல்.
"இரு சார், லைன்லயே இரு,
ஒண்ணியும் கேக்கல, கூட்ஸ் போவுது."

இருந்தேன்.
புல்லாங்குழல் இல்லை, ஒட்டு இல்லை.
தண்டவாள இணைப்பில் ஒவ்வொரு பெட்டியும்
இரண்டு இரண்டாகத் தட்டிப் போனது.
இருபத்திரண்டு எண்ணியிருப்பேன்.
துணி எடுக்க வந்த கீழ்வீட்டம்மா
"கொஞ்சம் தள்ளுங்க" என்றார்.
ஓரடிதான் தள்ளினேன்.