ஏழு நாற்பது ரயிலுக்கு இடம் விட்டு

சித்திரைக் கடைசிச் சனி.
ஈரத்துவாயை முகத்தில் போட்டதுபோல
கொழும்பு முழுக்க வெக்கை.
வெள்ளவத்தையில் கடல்பக்கம் இறங்கும் ஒழுங்கையின் நுனியில்
ரயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறது மண்டபம்.
காலையில் இங்கே கண் பரிசோதனை முகாம்.
பெரிய ‘அ’வில் தொடங்கிச் சிறுத்துக்கொண்டே போகும் எழுத்துமட்டை
மேடைச் சுவரில் இன்னும் தொங்குகிறது.
கழற்ற ஆளில்லை.

ரிக்கற் ஐநூறு ரூபா.
பாமசியில் வாங்கினேன்,
பிரஷர் குளிசையோடு ஒரே பையில்.

எட்டு மின்விசிறி, சுற்றுவது ஐந்து.
அந்த ஐந்தின் கீழுள்ள கதிரைகளில்
ஐந்து மணிக்கே கைக்குட்டை விழுந்துவிட்டது.
நானும் ரிஸ்வானாவும் ஆறாவதன் கீழ்.
“நம்பிக்கையோட ஈப்போம்” என்றாள்,
மீன்பட்டீஸைப் பிய்த்துக்கொண்டு.

வந்தார்கள். நாலு பேர்.
முன்பு ஏழு.
மற்ற மூவரில் ஒருவர் டொரொண்டோ,
ஒருவர் கனத்தை மயானம்,
ஒருவரைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

ட்ரம்ஸுக்குத் துவான் சல்டீன்,
முழங்காலில் இறுக்கிய பட்டியோடு.
பேஸ் கிட்டார் மரியதாசன், சுங்கத்தில் முப்பது வருஷம்,
தந்தியைத் தட்டி நம்பாமல் காது கொடுப்பது
பெட்டியைத் தட்டிய பழக்கம்.
ஒஸ்மன்டின் சட்டைப்பையில்
பேனை இருக்கவேண்டிய இடத்தில் ஆஸ்துமா மருந்து,
கழுத்தில் சாக்ஸபோன்.
பாட்டுக்கு அருட்சோதி.
எழுபத்தெட்டு வயசு, மஞ்சள் சேட்.
அதன் கொலர் மட்டும்
எழுபத்தைந்தாம் ஆண்டைவிட்டு இறங்கவே இல்லை.

“வணக்கம். ஆயுபோவன். அஸ்ஸலாமு அலைக்கும்.
விசிறி வேலைசெய்யாத ஆக்களுக்கு விசேஷ வணக்கம்.”

முதல் பாட்டுக்குக் குரல் வரவில்லை.
உள்ளதைச் சொல்லவேண்டும்.
துருப்பிடித்த ஷட்டர்போல
பாதிவரை ஏறிச் சிக்கி நின்றது.
நான் ஃபோனைப் பார்த்தேன், வராத மெசேஜை வாசித்தேன்.
இரண்டாம் பாட்டு பரவாயில்லை.
மூன்றாவதில் கடை முழுசாய்த் திறந்தது,
உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது.

பிறகு அந்த பஸ் பாட்டு.
கொட்டாஞ்சேனையில் ஏறின பவளக்காரி
பாணந்துறையிலும் இறங்காத கதை.
இரண்டாம் சரணத்தில் அருட்சோதி வாயைத் திறந்து
கூரையைப் பார்த்தார்.
“ஏலாது. வயசு. நீங்கள் பாடுங்கோ” என்று
மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார்.
எங்களுக்கும் தெரியாது!
மூன்றாம் வரிசையில் ஒரு லேண்ட்மாஸ்ரர் பெல்ட் வியாபாரி மட்டும்
எழும்பி, கண்ணை மூடி,
பிழையான சுருதியில் சரியான வரிகளை
ஒன்றுவிடாமல் கொடுத்தார்.

அப்போதுதான் ஜன்னல்கள் நடுங்கத் தொடங்கின.
பழக்கப்பட்டவர்கள் மணிக்கூட்டைப் பார்த்துச் சிரித்தார்கள்.
அருட்சோதி ஒரு விரலை உயர்த்தினார்.
“பவ” என்ற இடத்தில் பாட்டு நின்றது.
துவான் சல்டீன் நிறுத்தவில்லை.
பைலாத் தாளத்தை அப்படியே தண்டவாளத்தில் ஏற்றினார்,
தடக் தடக், தடக் தடக்,
எது அவர், எது பெட்டி என்று பிரிக்கமுடியவில்லை.
எஞ்சின் ஊதியது.
ஒஸ்மன்ட் அதே சுருதியில் பதில் ஊதினார்.
எஞ்சின் மறுபடி ஊதியது,
சத்தியமாக, தேவையில்லாமல்,
அங்கே கேற்றும் இல்லை, வளைவும் இல்லை.

கைதட்டல் ரயிலுக்கு.

கடைசிப் பெட்டி தெஹிவளைப் பக்கம் தேய்ந்தபோது
விரல் இறங்கியது:
“...ளம்!”
விட்ட எழுத்திலிருந்தே,
விட்ட சிரிப்போடேயே.
அரைச் சொல்லை ஒரு நிமிஷம்
வாய்க்குள் சூடாக வைத்திருந்த மனிதர்.

அதற்குப் பிறகு யார் இருந்தது?
பட்டுச்சேலை, சாரம், கையில் நெக்டோ போத்தல்,
எல்லாம் நடுவழியில்.
ரிஸ்வானா செருப்பைக் கழற்றி என்னிடம் தந்தாள்.
நான் இரண்டு சோடியையும் பிடித்துக்கொண்டே ஆடினேன்.
எங்கள் காலிக் கதிரைகளுக்குமேல்
ஆறாவது விசிறி
மெல்ல ஒருதரம் சுற்றி, யோசித்து,
பிறகு சுற்றிக்கொண்டே இருந்தது.

முடிந்ததும் ஒஸ்மன்ட் படிக்கட்டில் இருந்து
மருந்தை இரண்டு இழுப்பு இழுத்தார்.
“அடுத்த சனி மொறட்டுவை, சேர்ச் மண்டபம்.
அங்க விசிறியே இல்ல” என்றார்.

இரண்டு ரிக்கற்றுக்குச் சொல்லிவைத்தோம்.