வளைவு தெரியாத நாற்காலி

கல்யாணங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவன் நான்.
எதில் உட்கார்ந்தால் தாலி ஏறுவது தெரியும்,
எதில் உட்கார்ந்தால் வீடியோக்காரன் முதுகு மட்டும் தெரியும்,
இருபத்திரண்டு வருஷ முகூர்த்தங்களில் படித்தது.
அதனால்தான்
செட்டிநாட்டுப் பழைய விமான ஓடுதளத்தில்
பைக் பந்தயம் என்றதும்
அறுநூற்று நாற்பது நாற்காலியோடு
சீட்டுக் கிழிக்கும் வேலையும் என் தலையில்.

முதல் நாளே நடந்து பார்த்தேன்.
கிழக்கே போடக் கூடாது.
அம்மியே பறக்கிற மாசம்,
செம்மண் மொத்தமும் பார்க்கிறவன் பல்லில் வந்து ஒட்டும்.
மூன்று மணி வெயிலும் நேரே கண்ணில்.
மேற்கே போட்டால் வெயில் முதுகுக்கு,
புழுதி எதிர்ப்பக்கத்து முந்திரித் தோப்புக்கு.

முடிகிற கோட்டுக்கு நேராக
சோபா போடச் சொன்னார் கமிட்டித் தலைவர்.
போட்டேன். ஆனால் அது ஏமாற்று.
நேர்த்தடத்தில் வருகிற வண்டி
கொட்டாவி விட்ட வாயை மூடுமுன் போய்விடும்.
சோபாக்காரர்கள் பார்ப்பது
பெரும்பாலும் பக்கத்து சோபாக்காரர்களை.

வளைவுதான் இடம்.
தெற்குக் கடைசியில்
வைக்கோல் கட்டு அடுக்கிய கொண்டை ஊசி.
எவனாக இருந்தாலும் அங்கே பிரேக் பிடித்தாக வேண்டும்,
முழங்கால் தரையைத் தடவியாக வேண்டும்.
முந்துகிறவன் அங்கேதான் முந்துவான்,
விழுகிறவனும் அங்கேதான்.
இந்தக் கடைசி வரியை நான் சொல்வதில்லை.
சீட்டு வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.
தேவகோட்டைக் காலேஜ் பையன்கள்
"அண்ணே, வைக்கோல் பக்கமாக் குடுங்க" என்றார்கள்.
பள்ளத்தூர் நகைக்கடைக்காரர்
குடும்பத்தோடு ஆறு, அதே பக்கம்.
ஐந்நூறு ரூபாய்ச் சீட்டு
பதினொரு மணிக்கே தீர்ந்தது.

அப்புறம் அந்தப் பெண் வந்தாள்.
"வளைவு தெரியாத இடம் இருக்கா?"

"தெரியுற இடமெல்லாம் போச்சும்மா."

"தெரியாத இடம்தான் கேக்குறேன்."

இருந்தது.
சி பிரிவு, கடைசி வரிசை, பதினெட்டு.
முன்னால் நிற்கிற ஜெனரேட்டர் லாரி
தெற்கை முழுசாக மறைத்துவிடும்.
விற்கக் கூச்சப்பட்டு ஒதுக்கிய நாற்காலி,
ஒரு கைப்பிடியும் கிடையாது.
சும்மா உட்காருங்க என்றேன்.
ரசீதோடு குடுங்க என்று நூறு ரூபாயை நீட்டினாள்.
பெயர் கேட்டு எழுதினேன்: பொன்னழகி.
எழுதும்போதே எங்கோ பார்த்த பெயர்.
மேசையில் கிடந்த பட்டியலில்,
வண்டி எண் நாற்பத்தொன்று, அடைக்கலம், கோட்டையூர்,
விபத்து நேர்ந்தால் தெரிவிக்க வேண்டியவர்
என்ற கட்டத்தில்.

கொடி அசைந்தபின் சீட்டு மேசையில் என்ன வேலை?
சி பிரிவுக்குப் பின்னால் போய் நின்றேன்.
நாற்பத்தொன்று லாரிக்குப் பின்னால் மறைந்ததும்
அவள் விரல் மடக்கத் தொடங்கினாள்.
பதினொன்றில் வெளியே வந்தது.
அடுத்த சுற்றும் பதினொன்று.
வந்த வண்டியைக்கூட அவள் பார்க்கவில்லை,
எண்ணை மட்டும் பார்த்தாள்,
தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள், குடிக்காமல் மூடினாள்.

ஏழாவது சுற்றில்
ஜெனரேட்டர் இரைச்சலையும் மீறி
வளைவுப் பக்கமிருந்து ஓர் 'ஓ'.
ஐந்நூறு ரூபாய் 'ஓ'.
சி பிரிவே எழுந்து எக்கிப் பார்த்தது.
அவள் எழவில்லை.
பத்து. பதினொன்று.
பன்னிரண்டு.
என் விரலும் மடங்கிக்கொண்டிருப்பதை
அப்போதுதான் கவனித்தேன்.
பதினேழு.

கிளட்ச் கம்பியில் வைக்கோல் தொங்க,
ஒரு பக்கம் முழுக்கச் செம்மண் அப்பி,
கோணலான ஹேண்டில்பாரோடு
வந்தது நாற்பத்தொன்று.
அப்போது ஒரு மிடறு குடித்தாள்.
எட்டாமிடமோ ஒன்பதாமிடமோ,
எனக்கு நினைவில்லை.

போகும்போது ரசீதை மடித்துப் பர்ஸில் வைத்தாள்.
"அடுத்த வருஷமும் லாரிய
அங்கதான் நிறுத்துவீங்களா?"

நிறுத்தச் சொல்றேன் என்றேன்.

ராத்திரி எண்ணி அடுக்கினோம்.
வளைவுப் பக்கத்தில் மட்டும் பதினாலு நாற்காலி
கால் ஒடிந்து கிடந்தன.
மேலே ஏறி நின்றிருக்கிறார்கள்.