மூன்றரை மணிக் காட்சி

சுறாவுக்குத் தீனி போட்டாயிற்று என்று
சபீனா கைகாட்டிய பிறகுதான் இறங்கினேன்.
பள்ளிகொண்டா போர்த் தண்ணீர்,
மரக்காணத்து உப்பு நாற்பது லாரி.
நான் பார்த்த முதல் கடல் இது.

நீச்சல் பழகியது
காட்பாடிக் கல்குவாரிக் குட்டையில்.
பாலாற்றில் பழகியிருந்தால்
நடக்கத்தான் வந்திருக்கும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
செல்ஃபி, ஐஸ்கிரீம் ஒழுகும் முழங்கை.
ஒருவர் திருக்கையைக் காட்டி
கிலோ என்ன விலை என்கிறார்.
உதடு பார்த்தே புரிந்துவிடும்,
விலை கேட்டால் எந்த மொழியிலும்.

அவர் இடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சிறுமி.
மொட்டைத் தலை, மாஸ்க்,
மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டை.
அப்பா வங்காளத்தில் ஏதோ சொல்லி
மீன் மீனாகக் காட்டுகிறார்.
அவள் பார்ப்பது என் முதுகுச் சிலிண்டரை.
விரலை விரித்துக் கேட்டாள்:
எவ்வளவு மிச்சம்?

மானியைத் திருப்பிக் காட்டினேன்.
முள் எண்பதில்.
டிரிப் பாட்டிலை நிமிர்ந்து பார்க்கும் நர்ஸ் மாதிரி
கொஞ்சம் யோசித்தாள்.
பிறகு கட்டைவிரலை உயர்த்தினாள்.

அங்கே அதற்கு சூப்பர் என்று அர்த்தம்.
இங்கே, மேலே போ.

காட்சி முடிய இன்னும் ஆறு நிமிடம்.
சம்பளத்தில் பிடிப்பார்கள்.
போனேன்.