முதலுதவி: இல்லை

கவாத்து தொடங்கிவிட்டது.
காலை பத்துக்குள் மூன்று விரல்கள்.

பன்னைக்காட்டில் எவரும்
வெறும் காயத்தோடு என்னிடம் வருவதில்லை.
பச்சையாய் வருகிறார்கள்.
கசக்கிய இலை, அதன்மேல் முந்தானைக் கிழிசல்,
அதன்மேல் சணல்.
அவிழ்த்தால்
ரத்தம் நின்று வெகுநேரமாகியிருக்கும்.
நான் செய்வதெல்லாம்
நின்றதை மறுபடி ஓடவைப்பது:
சலைன் ஊற்றி, பஞ்சால் துடைத்து,
பச்சை போகும்வரை.

அன்னக்காமு கத்தமாட்டாள்.
"கழுவு, கழுவு" என்பாள்,
"காபிப்பழத்த அலசுற மாதிரி."
தைக்கும்போது மட்டும்
சுவரிலிருக்கும் தடுப்பூசி அட்டவணையை
எழுத்துக்கூட்டிப் படிப்பாள்.

பேரேட்டில் ஒரு கட்டம் உண்டு:
முதலுதவி அளிக்கப்பட்டதா?
ஏழு வருடமாக
இல்லை. இல்லை. மேற்படி. மேற்படி.

"என்ன எழுதுன?" என்றாள் அன்றைக்கு.
சொன்னேன்.
தைத்த விரலைத் தூக்கி
நகக்கண்ணில் நான் விட்டுவைத்த பச்சையைக் காட்டினாள்.
"அப்ப இது யாரு வச்சது?"

அதனால் எழுதினேன்: பச்சிலை.
வட்டார அலுவலகத்திலிருந்து தாள் திரும்பி வந்தது,
சிவப்பு மையில்:
எந்தப் பச்சிலை?

வெட்டுக்காயப் பூண்டு என்கிறார்கள் கடைத்தெருவில்.
கிணறே இல்லாத இந்த மேட்டுக்கு வந்தும்
கிணற்றடிப் பூண்டு என்கிறார்
வத்தலக்குண்டு டிரைவர்.
பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்கு அது தலைவெட்டி.
காம்பை வளைத்துச் சுண்டினால்
மஞ்சள் தலை பறந்து
முன்னால் போகிறவன் காலருக்குள் விழும்.
கட்டத்தில் ஒரு பேருக்குத்தான் இடமிருந்தது.

எல்லாம் சுகமென்று நான் சொல்லவில்லை.
மிளகு பறிக்க ஏணி ஏறிய மாசிலாமணி
ஆட்டுத்தடத்தில் பறித்த இலையை
புகையிலை அடக்கிய வாயாலேயே மென்று கட்டிக்கொண்டு
ஐந்தாம் நாள் வந்தார்,
கை பலாமூசு போல வீங்கி.
ஆம்புலன்ஸ் கதவு சாத்தும்வரை
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார்,
என்னிடமில்லை,
அந்தக் கையிடம்.
அவருக்கும் பச்சிலை என்றே எழுதினேன்.

பிறகு கணினி வந்தது.
ஆம். இல்லை. தெரியாது.
மூன்றில் ஒன்றைத் தட்டினால்தான்
அடுத்த பக்கம் திறக்கிறது.
எதைத் தட்டுகிறேன் என்று
அன்னக்காமுவிடம் இன்னும் சொல்லவில்லை.

சாயங்காலம், கையுறை கழற்றிக்கொண்டே
பின்ஜன்னலில் பார்த்தேன்.
காயம் கழுவிய தண்ணீர்
குழாய்வழி வெளியே விழுகிற இடத்தில்
அது மண்டிக் கிடந்தது,
வேறெங்குமில்லாத செழிப்பில்.
ஒரு பையன், புத்தகப் பையைக் கழற்றாமல்,
ஒவ்வொரு தலையாய்ச் சுண்டிக்கொண்டிருந்தான்.

அதட்ட வாயெடுத்தேன்.

"பூவ வேணா எடுத்துக்கடா,
இலைய விட்டுடு.
நாளைக்கும் கவாத்து இருக்கு."